பற்றரி தீர்வது பைக்குள்தான்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போய்வரும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. டேப்லெட்டோடு பாவிக்க ஒரு சின்ன புளூடூத் கீபோட் வாங்கியிருக்கிறார். ஏஏஏ பற்றரி இரண்டு போட வேண்டும். பெட்டியில் இரண்டு வருடம் தாங்கும் என்று எழுதியிருக்கிறது, ஆனால் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. பரீட்சை முடிந்து தட்டச்சே செய்யாத வாரங்களிலும் அதே கதைதான். கீபோட் பழுதா, பற்றரி கூடாதா, அல்லது பெட்டியில் எழுதியிருப்பது பொய்யா?

தங்கச்சி, பெரும்பாலும் மூன்றுமே இல்லை. உங்கள் பற்றரி தட்டச்சு செய்யும்போது தீர்வதில்லை. பைக்குள் கிடக்கும்போது தீர்கிறது. ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் தந்த கணக்கே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒரு நல்ல அல்கலைன் ஏஏஏ பற்றரியில் ஏறத்தாழ 1000 மில்லி ஆம்பியர் மணி மின்சாரம் இருக்கும். இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் வோல்ட் கூடும், இந்த 1000 கூடாது. இரண்டு வருடத்துக்கு ஏறத்தாழ 17,500 மணித்தியாலம். 1000ஐ அதால் வகுத்தால் 0.057 வரும். அதாவது, பெட்டியில் சொன்னபடி இரண்டு வருடம் ஓட வேண்டுமானால் கீபோட் சராசரியாக அந்த 0.057 மில்லி ஆம்பியருக்குள்தான் எடுக்க வேண்டும். இப்போது உங்கள் மூன்று வாரத்தைப் பாருங்கள். அது ஏறத்தாழ 500 மணித்தியாலம். 1000ஐ 500ஆல் வகுத்தால் 2 மில்லி ஆம்பியர். முப்பத்தைந்து மடங்கு! நீங்கள் கடையில் மலிவான பற்றரி வாங்கிப் போட்டிருந்தாலும் (அதில் 400 அளவில்தான் இருக்கும்) 0.8 வருகிறது. அதுவும் பதினான்கு மடங்கு. பற்றரியின் தரத்தை மட்டும் குறை சொல்லி இந்த வித்தியாசத்தை விளக்க ஏலாது.

இந்த வகைக் கீபோட் விழித்திருந்து, ரேடியோவையும் (புளூடூத் அலைகளை அனுப்பி வாங்கும் பகுதி) போட்டு வைத்திருக்கும்போது எடுப்பது சில மில்லி ஆம்பியர். நித்திரையில் இருக்கும்போது அதில் ஒரு துளிதான். சராசரி 2 என்றால், உங்கள் கீபோட் இரவு பகலாகப் பெரும்பகுதி நேரம் விழித்தே இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தட்டச்சு செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருபத்திரண்டு மணித்தியாலம் அதை விழிக்க வைத்திருப்பது யார்?

அதற்கு, அது எப்படி நித்திரை கொள்கிறது என்று தெரிய வேண்டும். விசைகளுக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. ஒரு விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுங்கோடும் தொட்டுக்கொள்ளும். எந்த இரண்டு என்று பார்த்துத்தான் சிப் எழுத்தைக் கண்டுபிடிக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாவிட்டால் சிப் தன் வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு கோட்டில் அசைவு வருகிறதா என்று மட்டும் காத்துக் கிடக்கும். இந்தக் காத்திருப்புக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஒரே ஒரு விசை அழுந்தினால் போதும், சிப் எழும்பும், ரேடியோவைப் போடும், தன் டேப்லெட்டைத் தேடத் தொடங்கும்.

இந்தத் தேடல்தான் செலவான வேலை. டேப்லெட்டோடு இணைந்திருக்கும்போது இரண்டும் குறித்த நொடிகளில் மட்டும் சந்தித்து, ஒரு சொல் பேசிவிட்டு ரேடியோவை மூடிவிடும். டேப்லெட்டின் புளூடூத் அணைந்திருந்தால் அப்படி முடியாது. வாவியின் அக்கரையில் நிற்கும் ஆளைத் தோணிக்காகக் கூப்பிடுவது போல, பதில் வராதவரை விடாமல் கத்த வேண்டும். இப்போதைய குறைமின் புளூடூத்தில் அழைப்புக்கென்று மூன்று அலைவரிசைகள் உண்டு. மூன்றிலும் மாறி மாறி அனுப்பி, ஒவ்வொன்றிலும் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காது கொடுக்கும். பதில் இல்லை என்றால் சில நேரம் கழித்து ஓய்ந்து படுக்கும். படுத்த அடுத்த நிமிடம் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கும், பைக்குள் கோப்பு அசையும், விசை அழுந்தும். திரும்பவும் முதலிலிருந்து.

களுவாஞ்சிகுடியில் ஏறி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் தாண்டி ஒலுவில் போய்ச் சேரும் வரை நெரிசலில் மடியில் பையை அமுக்கிப் பிடித்திருப்பீர்கள். அந்தப் பைக்குள் ஒரு தடித்த கொப்பி, தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி, நடுவில் கீபோட். வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே கதிரையில் வைப்பீர்கள். கொப்பியின் முனை ஒரு விசையில் ஊன்றியபடியே இரவு முழுக்கக் கிடக்கும். ஒரு விசை தொடர்ந்து அழுந்தியிருந்தால், ‘இது மனிதக் கை இல்லை’ என்று சில கீபோட் சிறிது நேரத்தில் கண்டுகொண்டு படுத்துவிடும். மலிவானவை பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. பரீட்சை முடிந்த வாரங்களில், தட்டச்சே இல்லாமல் பற்றரி தீர்ந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பெட்டியில் எழுதியிருப்பதும் பொய் இல்லை. லொஜிடெக் நிறுவனம் தன் கீபோட் பலவற்றுக்கு இரண்டு வருடக் கணக்குச் சொல்லும்போது, அலுவலகச் சூழலில் வருடத்துக்கு 20 இலட்சம் தடவை விசை அழுத்துவது என்று வைத்துத்தான் சொல்கிறது. மேசையில் கிடக்கும் கீபோட்டுக்கான கணக்கு அது. எங்கள் பஸ்ஸுக்கு அப்படி யாரும் கணக்குப் போட்டதில்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். அடுத்த முறை பஸ்ஸில் சீட் கிடைத்தால், டேப்லெட்டின் புளூடூத்தைப் போட்டு, கீபோட்டோடு இணைத்து, வெறும் குறிப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். திரை அணையாமல் இருக்க நேரத்தைக் கூட்டிவிடுங்கள். கீபோட்டை வழக்கம் போல் பைக்குள் போட்டு மூடி, டேப்லெட்டைக் கையில் வைத்திருங்கள். காரைதீவு வருவதற்கு முன்னமே அந்தப் பக்கத்தில் ‘ததததத’ என்றோ வேறு ஏதாவது எழுத்தோ வரிவரியாக ஓடத் தொடங்கினால் விஷயம் முடிந்தது. எந்த எழுத்து வருகிறதோ அந்த விசையைத்தான் உங்கள் பை அழுத்துகிறது.

சரி, தீர்வு. கீபோட்டில் நிறுத்தும் சுவிச் இருந்தால், பையில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடப் பயணம் என்றாலும் சரி. ஆனால் பக்கவாட்டில் வழுக்கும் சின்ன சுவிச் பைக்குள் உரசித் தானாகவே திரும்பப் போட்டுக்கொள்ளும். பலர் ‘நான் நிறுத்தித்தானே வைத்தேன்’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம். பையிலிருந்து எடுத்ததும் முதலில் சுவிச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

சுவிச்சே இல்லாத கீபோட்டுக்கும், சுவிச்சை நம்ப முடியாததுக்கும் நான் சொல்வது பிளாஸ்டிக் துண்டு. புதுக் கீபோட் வாங்கும்போது பற்றரி மூடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்குமே, இழுத்து எறிந்திருப்பீர்கள். அதையே திரும்பச் செய்வதுதான். வீட்டில் பழைய எக்ஸ்ரே படம் கிடந்தால் அது நல்ல தடிப்பு, கிழியாது. பற்றரியின் அகலத்துக்கு, விரல் நீளத்தில் ஒரு கீற்று வெட்டுங்கள். முனைகளைக் கொஞ்சம் வட்டமாக வெட்டினால் பற்றரி அறையின் கம்பிச் சுருளில் சிக்காது. பற்றரியின் கழித்தல் பக்கத்தைச் சுருளோடு உள்ளே தள்ளி, இரண்டுக்கும் நடுவில் கீற்றை விட்டு, மிச்ச நுனியை மூடிக்கு வெளியே விடுங்கள். பற்றரி இரண்டும் தொடராக இருப்பதால் ஒன்றின் தொடுகையை மறித்தால் போதும். தொடராகத்தான் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பற்றரியைக் கழற்றிவிட்டு ஒரு விசையை அழுத்துங்கள். வேலை செய்யாவிட்டால் தொடர். வேலை செய்தால் இரண்டுக்கும் கீற்று வேண்டும். பாவிக்கும்போது இழுத்து எடுத்து டேப்லெட் உறைக்குள் செருகி வையுங்கள், முடிந்ததும் திரும்ப விடுங்கள். இணைப்புத் தகவல் நினைவகத்தில் அழியாமல் இருக்கும், அதனால் பற்றரி துண்டிக்கப்பட்டாலும் திரும்பத் திரும்ப இணைக்கும் தொல்லை இல்லை.

அப்புறம், கீபோட்டை வைக்கும் விதம். டேப்லெட்டையும் கீபோட்டையும் முகத்தோடு முகம் சேர்த்து ஒரே துணி உறையில் போடுகிறவர்கள் நிறைய. திரையில் கீறல் விழாது என்பது அவர்கள் எண்ணம். பற்றரிக்கு இதைவிடக் கேடான வழி இல்லை. விளிம்பு உயர்ந்த, கட்டியான பெட்டி ஒன்றில், மூடி விசைகளைத் தொடாதபடி வையுங்கள். மடிக்கும் கீபோட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அதில் பலவற்றுக்கு மடிப்பில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். மூடினால் காந்தம் கிட்ட வந்து கீபோட்டை அணைத்துவிடும். அதுவும் முழுதாக மூடினால்தான். நடுவில் பென்சில் ஒன்று மாட்டியிருந்தால் காந்தம் எட்டாது.

பைக்கு அடுத்தபடியாக விசைகளைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் கடற்கரை மணலும் உப்புக் காற்றும் எதையும் விட்டுவைப்பதில்லை. விசைக்குக் கீழே நாலு மணல் பரல் புகுந்தால் விசை முழுதாக மேலே எழும்பாது. தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதன் ஓரம் சூட்டில் சுருண்டு பக்கத்து விசையில் மாட்டும். கீபோட்டைக் கவிழ்த்துத் தட்டி, மெல்லிய தூரிகையால் கூட்டி, ஒவ்வொரு விசையையும் அழுத்தித் திரும்ப எழும்புகிறதா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் கூடச் செல்லாது.

புளூடூத் இல்லாமல் டொங்கிளோடு (கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன வாங்கி) வரும் கீபோட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அந்த டொங்கிள் 2.4 கிகா ஹேர்ட்ஸில் பேசுகிறது. யூஎஸ்பி 3.0 இணைப்புகள் வேலை செய்யும்போது அதே இடத்தில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு ஆவணம் வெளியிட்டது. யூஎஸ்பி 3.0க்கு வழக்கமாக இருக்கும் நீல நிறத் துளையில், பக்கத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றோடு டொங்கிளைச் செருகினால், கீபோட் அனுப்புவது போய்ச் சேராது, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும், பற்றரி கூடச் செலவாகும். எழுத்து விட்டுவிட்டு வருவதும் இதனால்தான். டொங்கிளை வேறு துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு முழ நீட்டு வயரில் செருகி மேசைக்கு மேல் கொண்டுவாருங்கள்.

ஒளிரும் விசை உள்ள கீபோட் என்றால் இதுவரை சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். லொஜிடெக் எம்எக்ஸ் கீஸுக்கு அந்த நிறுவனம் சொல்வது: விளக்கோடு 10 நாள், விளக்கை அணைத்தால் 5 மாதம். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. பகலில் விளக்கு வேண்டாம்.

பற்றரி வாங்கும்போது விலையையும் படத்தையும் பார்க்காமல் குறியீட்டைப் பாருங்கள். ஏஏஏ அளவில் ‘எல்ஆர்03’ என்று இருந்தால் அல்கலைன். வெறும் ‘ஆர்03’ என்றால் கார்பன் சிங்க் வகை. சுவர் மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் அது போதும். ‘ஹெவி டியூட்டி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான், பெயரைப் பார்த்து நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. மீள்சார்ஜ் செய்யும் நிக்கல் பற்றரி பாவிக்கலாம், ஆனால் சார்ஜ் தானாக எளிதில் இறங்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண நிக்கல் பற்றரி சும்மா கிடந்தே மாதக் கணக்கில் காலியாகும், வெக்கையில் இன்னும் வேகமாக. அதோடு நிக்கல் 1.2 வோல்ட்தான். கீபோட் வோல்ட்டைப் பார்த்துத்தான் மிச்சத்தைக் கணிக்கிறது என்பதால் நிறைந்திருக்கும்போதே ‘குறைவு’ என்று காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது யூஎஸ்பி வயரிலேயே சார்ஜ் செய்யும் 1.5 வோல்ட் லித்தியம் பற்றரியும் விற்கிறார்கள். கீபோட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அதன் உள்ளே வோல்ட்டை இறக்கும் ஒரு சுற்று இருக்கிறது. அது எப்போதும் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். கமராவுக்கு அந்தக் கொஞ்சம் பெரிதில்லை. நித்திரையில் கிடக்கும் கீபோட்டுக்கு, அது எடுக்கும் அளவுக்கே வந்துவிடும்.

பழைய பற்றரி ஒன்று, புதியது ஒன்று என்று கலக்காதீர்கள். முதலில் தீர்ந்ததில் மற்றதன் மின்சாரம் தலைகீழாக ஏறி அது ஒழுகும். மாரி காலத்தில், காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போது, பற்றரி அறையை ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. அல்கலைன் ஒழுகியிருந்தால் தகட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும், அது காரம். கையால் தொடாமல், பஞ்சுக் குச்சியில் ரெண்டு துளி தேசிக்காய்ப் புளி தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு வெறும் ஈரத்தில் ஒரு தடவை, காய்ந்த துணியில் ஒரு தடவை துடையுங்கள். பூப்பு இல்லாமல் தகடு மங்கி மட்டும் இருந்தால் அழிறப்பரால் தேய்த்தாலே பளிச்சென்று வரும். தகடு அழுக்காக இருந்தாலும் வோல்ட் குறைந்துதான் கீபோட்டுக்குப் போகும், நல்ல பற்றரியையே தீர்ந்துவிட்டது என்று எறிவோம்.

வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஸ்கூட்டி சீட்டுக்குக் கீழ் கீபோட்டை வைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளேயே சார்ஜ் ஆகும் லித்தியம் பற்றரி உள்ள கீபோட் என்றால் அந்தச் சூடு அதன் ஆயுளையே தின்னும். அதுவும் முழுதாகச் சார்ஜ் செய்த நிலையில் சூட்டில் கிடந்தால் பாதிச் சார்ஜில் கிடப்பதைவிட வேகமாகக் கெடும். விடுமுறைக்கு எடுத்து வைப்பதானால் பாதி அளவில் நிறுத்தி, வீட்டில் நிழலான அலமாரியில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லும் ஆலோசனை எங்கள் ஈரக் காற்றுக்குப் பொருந்தாது. வெளியே எடுத்ததும் வியர்த்துத் தகட்டில் நீர் நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் மூன்று வாரம்தான் என்றால், அப்போது கீபோட்டைச் சந்தேகிக்கலாம். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ போன் திருத்தும் கடையில் மல்டிமீட்டர் இருக்கும். நீங்கள் வெட்டிய அதே பிளாஸ்டிக் கீற்றின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஈயத்தாள் துண்டு ஒட்டி, ஒன்றையொன்று தொடாமல் பற்றரிக்கும் சுருளுக்கும் நடுவில் விட்டு, மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து அந்த இரண்டு தாளிலும் பிடிக்கச் சொல்லுங்கள். மைக்ரோ ஆம்பியரில் வைத்தால் மீட்டரே வோல்ட்டைத் தின்று கீபோட் விழிக்க முடியாமல் திரும்பத் திரும்ப அணையும், அளவு பிழைக்கும். கீபோட்டை மேசையில் தட்டையாக வைத்து, ஒன்றையும் தொடாமல் அரை மணித்தியாலம் விடுங்கள். 0.1க்குக் கீழே இறங்கினால் கீபோட்டில் குறை இல்லை, பையைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். யாரும் தொடாமலே 1, 2 என்று நின்றால், உள்ளே ஈரம் போய்க் கோடுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அல்லது பலகையில் ஏதோ ஒரு பாகம் மின்சாரத்தைக் கசியவிடுகிறது. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் பற்றுச்சீட்டோடு வாங்கிய கடைக்குக் கொண்டுபோங்கள், மீட்டர் காட்டிய எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.